தாழ்வாரத்தில் அபூர்வச் செடிகள்: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூர் ஈசூனில் மூன்றாம் மாடி வீடு. பதினேழு வருடமாக வாசல் தாழ்வாரம்தான் என் தோட்டம். போன மாதம் சமூக மன்றத்துக்கு நெப்பந்திஸ் என்ற என் குடுவைச் செடியையும் இன்னும் நாலைந்து தொட்டிகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பலரும் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நேரம் போதவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும், கேட்டவர் இருக்கும் பேட்டையின் பெயரோடு, இங்கே பதில் எழுதுகிறேன்.

புக்கிட் பாத்தோக்: அக்கா, நெப்பந்திஸ் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. வாங்கும்போது பன்னிரண்டு குடுவை தொங்குச்சு. அக்டோபர்ல இருந்து புதுசா ஒண்ணுகூட வரல. இலை மட்டும் பச்சைப்பசேல்னு வருது. உரம் போடணுமா? எங்க தாழ்வாரம் வடக்கு பார்த்தது.

உரம் வேண்டவே வேண்டாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்தச் செடி பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டது. வேரில் உரம் போட்டால் கருகிவிடும்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடபக்கம் சாய்ந்து போகும். அதன் பிறகு ஆறு மாதம் தென்பக்கம். வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் வெயில் நன்றாக விழும். டிசம்பரில் நேர்வெயில் ஒரு கீற்றுகூட வராது, போதாததற்குப் பருவமழை மேகம் வேறு. செடி அதே இடத்தில்தான் நிற்கிறது, வெளிச்சம்தான் இடம் மாறிவிட்டது. நம் ஊரில் வருடம் முழுக்க ஒரே வெயில் என்று நினைத்துச் செடியை இழந்தவர்கள் நிறைய.

இலை நுனியிலிருந்து நீளும் கொடியைப் பாருங்கள். அதன் முனையில் மிளகு அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கும். குடுவை அதிலிருந்துதான் உருவாகிறது. அந்த வீக்கம் காய்ந்து பழுப்பானால் வெளிச்சமோ ஈரப்பதமோ போதவில்லை என்று பொருள். தொட்டியைத் தென்பக்கச் சன்னலோரம் மாற்றிவிட்டு, மார்ச் கடைசியில் திரும்பக் கொண்டு வாருங்கள். தேங்காய் மட்டைத் துண்டும் பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லும் கலந்த கலவையே போதும். நான் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

புதிதாக வாங்குபவர்களுக்கு: தாழ்நில வகையா என்று கேட்டு வாங்குங்கள். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராஜா வகைக்கு இரவில் குளிர் வேண்டும், நம் வீட்டில் பிழைக்காது. நம் தீவிலேயே இயற்கையாக மூன்று இனங்கள் உண்டு: ராஃப்லெசியானா, கிராசிலிஸ், ஆம்புலேரியா. இதில் ஆம்புலேரியாவின் மேல் எனக்குத் தனிப் பிரியம். குண்டுக் குண்டாகத் தரையோடு கூட்டமாக உட்கார்ந்து, மூடியைப் பின்னால் மடித்துக்கொண்டு, மேலிருந்து விழும் சருகைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா, அதாவது குரங்குப் பானை, என்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். அது குற்றம். அதைவிட முக்கியம், அங்கே மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள்.

செங்காங்: பையன் ஆசைப்பட்டு வீனஸ் ஃபிளைட்ராப் வாங்கினோம். மூணாவது தடவையா செத்துப்போச்சு.

உங்கள் மேல் தப்பில்லைம்மா. அது அமெரிக்காவின் கரோலினாப் பக்கத்துச் செடி. குளிர்காலத்தில் சில மாதம் அடங்கிக் கிடந்தால்தான் அடுத்த வருடத்துக்குத் தெம்பு வரும். இங்கே அந்த ஓய்வே கிடைக்காது, மெல்ல மெல்ல ஓய்ந்துபோகும். பூச்சி தின்னும் செடிதான் வேண்டும் என்றால் பையனுக்கு மேலே சொன்ன ராஃப்லெசியானா ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

தோ பாயோ: பிரம்மகமலம் இங்கே பூக்குமா? ஊரில் பெரியம்மா வீட்டில் பார்த்தது.

தாராளமாகப் பூக்கும். நாம் வீட்டில் பிரம்மகமலம் என்று சொல்வது கள்ளி இனம், நிஷாகந்தி. இமயமலையில் வளரும் உண்மையான பிரம்மகமலம் வேறு செடி. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இதைக் கெங் ஹுவா என்பார். எனக்கு முதல் துண்டைக் கொடுத்தவரும் அவர்தான். இலை மாதிரித் தெரிவது உண்மையில் தட்டையான தண்டு. அதில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டுவிட்டு, காற்றோட்டமான கலவையில் நட்டு வையுங்கள். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். இளவெயில் போதும்.

மொட்டு வந்ததும் அதன் கழுத்தைக் கவனியுங்கள். முதலில் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு தூண்டில் முள் மாதிரி வளைந்து முனையை மேலே தூக்கும். தூக்கி, மொட்டும் உப்பிவிட்டால் அன்றிரவோ மறுநாள் இரவோ பூக்கும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு இதழ் விலகத் தொடங்கும். நடுநிசிக்குத் தட்டு அகலம் விரிந்து, லிஃப்ட் வரைக்கும் வாசம் போகும். விடியும்போது துவண்டு தொங்கும். போன வருடம் ஒரே இரவில் ஏழு பூ. பாட்டி நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேல்மாடி மலாய்க் குடும்பம் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்தது. காலையில் வாடிய பூக்களைப் பாட்டிக்கே கொடுத்தேன், காயவைத்து சூப்பில் போடுவாராம்.

பொங்கோல்: வெள்ளை விழுந்த மான்ஸ்டெரா நல்ல விலை கொடுத்து வாங்கினேன். இப்போ வர்ற இலையெல்லாம் முழுப் பச்சை.

அது ஆல்போ வகையாக இருக்கும். அதில் பச்சைத் திசுவும் வெள்ளைத் திசுவும் ஒரே தண்டில் ஒட்டி வளர்கின்றன. வெள்ளைக்கு உணவு தயாரிக்கத் தெரியாது, அதனால் பச்சை முந்திக்கொள்ளும். தண்டில் வெள்ளைக் கோடு எதுவரை ஓடுகிறது என்று தேடுங்கள். கோடு இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே துணிந்து வெட்டுங்கள், அடுத்த தளிர் அந்தக் கணுவிலிருந்து வரும். இன்னொரு முறை வாங்கினால் தாய் கான்ஸ்டலேஷன் (Thai Constellation) என்ற வகையைப் பாருங்கள். அதில் நிறம் நிலைக்கும், திசு வளர்ப்பில் வருவதால் விலையும் இறங்கிவிட்டது.

உட்லண்ட்ஸ்: இணையத்தில் நீல ரோஜா விதை விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ரோஜாவுக்கு நீலம் தரும் நிறமியே கிடையாது. படத்தில் இருப்பது சாயம். உங்களுக்கு நீலம்தான் ஆசை என்றால் மயில்பெரணியைத் தேடுங்கள், செலாஜினெல்லா வில்டினோவி. நம் காட்டு நிழலில் தானாக வளர்வது. பக்கவாட்டில் பார்த்தால் இலை மயில் கழுத்து மாதிரி மின்னும். தண்ணீர் தெளித்தால் நீலம் மறையும், காய்ந்தால் திரும்பி வரும். வெயிலில் வைத்தால் வெறும் பச்சைதான்.

ஜூரோங் வெஸ்ட்: செங்காந்தள் வைக்க ஆசை. வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

எனக்கு உயிரான பூ அது. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளுக்கு நாள் சிவந்து, நெருப்புச் சுடர் மாதிரி நிற்கும். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்னார்கள். ஆனாலும் வேண்டாம் ஐயா. செடி முழுக்க கோல்ச்சிசின் நஞ்சு, கிழங்கில் உயிரையே எடுக்கும் அளவுக்கு. பேத்தி வளரட்டும்.

தெம்பனிஸ்: புரோமிலியாட் வைத்தால் கொசு வரும் என்று கணவர் தடுக்கிறார்.

அவர் சொல்வது சரி. அன்னாசிக் குடும்பத்துச் செடி அது, இலைகளுக்கு நடுவே தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஒருமுறை என் செடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது நெளிந்துகொண்டிருந்தன. அன்றே இரண்டைக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துக் கொட்டுகிறேன். அது முடியாது என்றால் வளர்க்க வேண்டாம். தொட்டித் தட்டுக்கும் இதே கதைதான். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதையும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அங் மோ கியோ: பிணவாடைப் பூ, டைட்டன் ஆரம், வீட்டில் வருமா ஆன்ட்டி?

சுமத்ராக் காட்டுச் செடி தம்பி, ஒற்றை இலையே மரம் உயரத்துக்குப் போகும். தாழ்வாரம் தாங்காது. அதன் நெருங்கிய சொந்தம் தேக்கா சந்தையிலேயே கிடைக்கிறது: சேனைக்கிழங்கு. முளைக்கண் உள்ள துண்டாகக் கேட்டு வாங்கி, வெட்டிய பக்கம் சாம்பல் தடவி, கண் மேலே பார்க்க ஆழமான தொட்டியில் நடுங்கள். பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி போட்ட காம்பில் ஒரே ஒரு குடை விரியும். பிறகு அது பழுத்துச் சாயும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அப்போது தண்ணீரை நிறுத்தினால் போதும். கிழங்கு சில வருடம் பெருத்த பின் ஒருமுறை இலைக்குப் பதில் கருஞ்சிவப்பில் சுருக்கம் விழுந்த பூ மண்ணைப் பிளந்துகொண்டு வரும். ஈ, வண்டுகளை அழைக்க அழுகல் வாடை வீசும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.