குழாய் வாயில் எல்லாம் சரி, ஓடை மட்டும் ஏன் நாறுகிறது?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கண்மாய்க்கு வரத்து தரும் ஓடையில், மேலே உள்ள ஊரின் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரும் ஒரு அரிசி ஆலைத் தண்ணீரும் வந்து விழுகின்றன. கோடையில் ஓடை கறுத்து நாறுகிறது. கண்மாயை ஆகாயத்தாமரை அடைத்துவிட்டது, மீன் செத்து மிதக்கிறது. போய்க் கேட்டால், எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சோதனை அறிக்கையைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் ஆற்றுக்கே மொத்தமாக ஒரு வரம்பு வைப்பார்களாமே, அது இங்கே ஆகுமா? நாங்கள் என்ன கேட்க வேண்டும்?"

அந்த அறிக்கை பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அறிக்கை உண்மையாகவே இருந்து, ஓடையும் சாகலாம். ஏனென்றால் அதில் இருக்கும் வரம்பு, கழிவுநீர் வெளியே வரும் குழாய் வாய்க்கு வைத்த வரம்பு, ஓடைக்கு வைத்தது அல்ல.

தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது விதி, லிட்டருக்கு 30 மில்லிகிராம் பி.ஓ.டி. வரை போகலாம் என்கிறது. ஆனால் குளிக்கத் தகுந்த ஆற்றுநீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்வது 3 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே, அதோடு கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 30க்கும் 3க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை யார் நிரப்புவது? ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீர்தான் நிரப்ப வேண்டும். காவிரியில் தண்ணீர் ஓடும் மாதத்தில் அது நடக்கலாம். தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு என்று நம் பக்கத்து ஆறுகள் எல்லாம் மழை ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடும், மாசி, பங்குனியில் மணல்தான். அந்த மணலில் வந்து விழுகிற கழிவுநீர்தான் அப்போதைய ஆறே.

நீங்கள் கேள்விப்பட்ட அமெரிக்க முறைக்கு டி.எம்.டி.எல். என்று பெயர், அதாவது ஒரு நீர்நிலை ஒரு நாளைக்குத் தாங்கக்கூடிய உச்சபட்ச மொத்த மாசுச் சுமை. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 303ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த ஆறு தரம் கெட்டுக் கிடக்கிறதோ அதை மாநிலம் பட்டியலில் சேர்க்க வேண்டும், அப்புறம் அந்த ஆறு தேற வேண்டுமானால் நாளொன்றுக்கு எத்தனை கிலோ மாசு உள்ளே வரலாம் என்று கணக்கிட்டு, குழாய்வழி கழிவு விடுபவர்களுக்கு ஒரு பங்கு, வயல், தெரு, மழைநீர் வழியாகப் பரவலாக வருவதற்கு ஒரு பங்கு, கணக்குப் பிசகினாலும் ஆறு கெடாமல் இருக்க ஒரு ஒதுக்கீடு என்று பிரிக்க வேண்டும். சட்டம் வந்ததும் நடந்துவிடவில்லை, பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்து, மக்கள் வழக்குப் போட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. 2010இல் செசபீக் விரிகுடாவுக்கு ஆறு மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்து நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் மூன்றுக்கும் இப்படி வரம்பு வைத்தார்கள்.

உங்கள் ஓடைக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம், எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் பத்து லட்சம் லிட்டருக்கு 1 கிலோ, இது ஒன்று நினைவில் இருந்தால் போதும். சுத்திகரிப்பு நிலையம் தினம் 40 லட்சம் லிட்டரை 30 மில்லிகிராமில் விடுகிறது என்றால் 120 கிலோ. மழைக்காலத்தில் ஓடையில் 200 லட்சம் லிட்டர் ஓடுகிறது, அதில் ஏற்கெனவே 1 மில்லிகிராம், அதாவது 20 கிலோ. இரண்டும் கலந்தால் 240 லட்சம் லிட்டரில் 140 கிலோ, லிட்டருக்கு ஏறக்குறைய 5.8. மழைக்காலத்திலேயே 3ஐத் தாண்டிவிட்டது! சரி, 3க்குள் நிற்க வேண்டுமானால் மொத்தம் 72 கிலோதான் வரலாம். ஓடையின் சொந்த 20 கிலோவைக் கழியுங்கள், பிசகுக்கு 7 கிலோ, வயலிலிருந்து வருவதற்கு 10 கிலோ ஒதுக்குங்கள். மிச்சம் 35 கிலோ. அரிசி ஆலையை விட்டுவிட்டு அத்தனையையும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொடுத்தாலும், அது 9 மில்லிகிராமுக்குக் கீழே சுத்தம் செய்தாக வேண்டும். இனி சித்திரைக்கு வாருங்கள். ஓடையில் சொந்தத் தண்ணீரே இல்லை, கலக்க ஒன்றும் கிடையாது. அப்போது ஓடுவதே நிலையத்தின் 40 லட்சம் லிட்டர்தான், 3 மில்லிகிராம் கணக்கில் ஓடை தாங்குவது 12 கிலோ, வருவது 120.

வெயில் வேறு இதைக் கெடுக்கிறது. 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்நாட்டு ஆறு தாங்கும் சுமையை நம் ஓடை தாங்காது.

கண்மாய் தனிக் கதை. ஓடுகிற தண்ணீருக்கு நாள் கணக்கு சரி, தேங்கும் தண்ணீருக்கு ஆண்டுக் கணக்கு வேண்டும், அதுவும் பி.ஓ.டி.யை விட, ஆகாயத்தாமரைக்கு உரமாகும் பாஸ்பரஸின் கணக்கு. சோப்புத்தூள், மனிதக் கழிவு, சாணம், டி.ஏ.பி. உரம் எல்லாவற்றிலிருந்தும் வரும் பாஸ்பரஸ் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு முதல் மழையில் கண்மாய்க்குள் வந்து வண்டலில் படிந்துவிடும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டல் அதைத் திரும்பவும் தண்ணீருக்குள் விடும். ஆகாயத்தாமரையை எத்தனை முறை வாரினாலும் திரும்ப முளைப்பதற்கு இதுதான் காரணம், வாரியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அழுகி அந்தச் சத்து மறுபடியும் உள்ளே போகும். அதனால் வரத்தைச் சரிசெய்யும் அதே நேரத்தில், கண்மாய் வற்றும் கோடையில் அனுமதி வாங்கி வண்டலையும் எடுக்க வேண்டும். ஆலைக் கழிவு கலந்திருப்பதால், வயலில் போடுவதற்கு முன் வண்டலை ஒருமுறை சோதித்துவிடுங்கள். வளவு வீட்டுக் கூரையில் விழுந்த மழையையும் வாய்க்கால் வைத்து ஊருணிக்குக் கொண்டுபோன ஊர்கள் இவை. அந்த ஊர்களில் வரத்துக்கால் கழிவுக் காலாக மாறிக் கிடப்பதைப் பார்க்க உண்மையிலேயே மனசு பதைக்கிறது.

இங்கே ஆகுமா என்றால், ஆகும். அமெரிக்காவைக் காட்டி வாதாடவும் வேண்டாம். நம்முடைய 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஓடையில் விடும் கழிவுநீருக்கு, மழையில்லாத காலத்தில் அந்த ஓடையில் கலப்பதற்குக் கிடைக்கும் குறைந்தபட்சத் தண்ணீரையும், கழிவு கலந்த பிறகு அந்த ஓடை தாங்கும் அளவையும் பார்த்துத் தரம் நிர்ணயிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை என்று அதில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் போதாத ஓடைகள் உள்ள இடத்தில், கழிவுநீரை நிலத்திலேயே பயன்படுத்தித் தீர்க்கும் வழிகளை உருவாக்க வேண்டும் என்றும் இருக்கிறது. செட்டிநாட்டு ஓடைகளுக்கென்றே எழுதியது போன்ற வரிகள்.

எனவே மனுவில் "நாறுகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்று கேளுங்கள். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, நிலையத்துக்கும் ஆலைக்கும் கழிவுநீர் விட வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையின் நகலை வாங்குங்கள், அனுமதித்த நீரளவு அதில் இருக்கும். அரிசி ஆலையைச் சிறியது என்று விட்டுவிட வேண்டாம், நெல் ஊறவைத்து வடித்த தண்ணீர் வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு பி.ஓ.டி. கொண்டது.

ஓடையின் அளவை நீங்களே எடுக்கலாம். பாலத்துக்குப் பக்கத்தில் நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தைக் குறித்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலம் 2 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர், பழம் 40 நொடியில் கடக்கிறது என்றால், அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, மேல்மட்ட வேகம் அதிகம் என்பதற்காக 0.8ஆலும் பெருக்கினால் நொடிக்கு 120 லிட்டர், நாளைக்குச் சுமார் 100 லட்சம் லிட்டர். மழை மாதத்தில் ஒன்று, தையில் ஒன்று, பங்குனியில் ஒன்று எடுத்தால் போதும்.

தண்ணீர் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள், ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். குழாய் வாயில் மட்டும் எடுக்கக் கூடாது. அழுக்கைத் தின்ன நேரம் பிடிப்பதால் ஆக்சிஜன் மிகவும் இறங்கும் இடம் கீழே தள்ளித்தான் இருக்கும், ஆகவே குழாய்க்கு மேலே ஒன்று, கீழே சற்றுத் தள்ளி ஒன்று, கண்மாய் வாயில் ஒன்று. ஆக்சிஜன் அளவை விடியற்காலையில் பாருங்கள். பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும், மதியம் எடுத்த எண் ஆளை ஏமாற்றும்.

இந்த எண்களோடு மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஓடை வற்றிக் கிடக்கும் மாதமும் அதுதான். 17ஆம் பிரிவின்படி இந்த ஓடைக்கெனத் தனி வரம்பு வேண்டும், இசைவாணையில் மில்லிகிராமோடு நாளுக்கு இத்தனை கிலோ என்றும் சேர்க்க வேண்டும், தை முதல் ஆவணி வரை சுத்திகரித்த தண்ணீரை ஓடையில் விடாமல் தீவனப்புல்லுக்கோ மரத்தோப்புக்கோ திருப்ப வேண்டும் என்று மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதுங்கள். ஒன்றை ஏற்க முடியாது என்று பதில் வந்தாலும் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து விழாது.