ஷீட் வீட்டுக் குளிர்: எதை அடைப்பது, எதைத் திறந்து வைப்பது?

கேள்வி: அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறார்கள். மார்கழியில் விடியற்காலை ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்பா குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறையில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். சந்துகளையெல்லாம் அடைத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்தக் கரிச்சட்டியை வெளியே எடுங்கள். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிவிட்டதே, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் தப்பு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. சந்துகளை அடைத்த வீட்டில் கரி இன்னும் மோசம். காலையில் தலைவலி, குமட்டல் என்று அப்பா எப்போதாவது சொன்னாரா, கேளுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

அப்புறம் அந்தச் சொட்டு. மழை இல்லாத நாளில் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. மேகமில்லாத இரவில் ஷீட் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மூச்சு, சமையல், உள்ளே காயப்போட்ட ஈரத்துணி எல்லாவற்றின் ஆவியும் அதன் அடியில் போய் நீராகிறது. இதை ஒழுகல் என்று நினைத்து ஷீட்டின் மேல் தார் பூசிக் காசைக் கரைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷீட்டுக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டு ஃபைபர் சிமென்ட் போர்டில் உள்கூரை போடுங்கள். அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் வெளிக்காற்று போய்வர வேண்டும். தெர்மாகோல் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். உள்கூரையைத் தாங்கும் சட்டத்தைச் சுவரில் பொருத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளை போடவோ சுரண்டவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

சரி, அடைப்பது எதை? இந்த மாதங்களில் ஊதக்காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதனால் வடக்கு, கிழக்குப் பக்க ஜன்னல் சந்துகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கதவடிக்குத் துணியில் மணல் நிரப்பிய உருளை போதும். மேலே இருக்கும் வென்டிலேட்டரை மட்டும் தொடாதீர்கள், ஈரக்காற்றுக்கு அதுதான் வழி. வெயில் இப்போது தெற்கே சாய்ந்து வருவதால் தெற்கு ஜன்னலைப் பத்து மணியிலிருந்து மூன்று வரை திறந்துவிட்டு, வெயில் இறங்குமுன் மூடிவிடச் சொல்லுங்கள்.

அப்பா படுப்பது கயிற்றுக் கட்டிலா? குளிர் கீழிருந்துதான் ஏறும். மேலே இன்னொரு போர்வை போர்த்துவதைவிட, மெத்தைக்கு அடியில் இரண்டு சாக்கும் ஒரு கம்பளியும் விரித்துப் பாருங்கள்.