பூட்டியது நினைவில்லையா? நல்லது!

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு பைக்கில் கிளம்புகிறேன். போய்ச் சேர்ந்த பிறகு யோசித்தால் பூட்டினேனா என்பதும் தெரியவில்லை, வழியில் எந்தச் சிக்னலில் நின்றேன் என்பதும் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு வந்த ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவர், "நீங்கள் யாரும் வாழவில்லை, தானாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு செயலையும் முழு விழிப்போடு செய்யுங்கள்" என்றார். நான் இயந்திரமாகிவிட்டேனா?

– திண்டுக்கல் வாசகர்

பதில்: மேடைப் படியேறும்போது எந்தக் காலை முதலில் வைத்தார் என்று அந்தச் சொற்பொழிவாளரிடமே கேட்டிருக்க வேண்டும். சொல்லத் தெரிந்திருக்காது. இதே பேச்சை அடுத்த ஊரிலும், அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்லி, அதே இடத்தில் தண்ணீர் குடித்துப் பேசியிருப்பார். தானாக ஓடுவது அவருக்கும் நன்றாகவே கைவந்திருக்கிறது.

பழக்கத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அதை இழந்தவர்களைப் பார்க்க வேண்டும். நடை போன்ற பழகிய அசைவுகளை நாம் யோசிக்காமலே நடத்திக் கொடுக்கும் பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. பார்க்கின்சன் நோய் கைவைப்பது அங்கேதான். நேற்றுவரை தானாக நடந்த நடை, யோசித்துச் செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. வாசற்படியருகே வந்ததும் சிலருக்குக் கால் எழும்புவதே இல்லை. தரையில் குறுக்குக் கோடுகளாகப் பட்டை நாடா ஒட்டி வைத்தால், ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் அடியும் 'முழு விழிப்போடு'! கூடவே பேச்சுக் கொடுத்தால் நடை தடுமாறும். சொற்பொழிவாளர் பரிந்துரைக்கும் நிலை இதுதான் என்றால் எனக்கு வேண்டாம்.

சிக்னலில் நீங்கள் நின்றுதான் இருக்கிறீர்கள். நினைவில்லை என்பதற்காகப் பார்க்கவில்லை என்று ஆகிவிடாது. புதிதாக ஒன்றும் நடக்காத பயணத்தை மூளை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. குறுக்கே ஓர் எருமை வந்திருந்தால் மாலைவரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். (ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறவராக இருந்தால் இந்த ஆறுதல் உங்களுக்கு இல்லை.)

பூட்டுக்கு ஜப்பான் ரயில்வேயில் கைமருந்து இருக்கிறது. அங்கே ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்கிறார். அவர்களுடைய ரயில்வே ஆய்வு நிறுவனம் 1990களில் ஒரு சோதனை செய்து பார்த்தது. சுட்டிக்காட்டுவது, சொல்வது இரண்டும் சேர்ந்தபோது தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. நம் ரயில்களிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நீங்களும் பூட்டை நோக்கி விரலை நீட்டி, கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "செவ்வாய், பூட்டியாயிற்று." நேற்றைய பூட்டோடு இன்றையது கலந்துபோகாது. பக்கத்து வீட்டார் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கை தானாக ஓடலாம். அதைக் கண்காணிக்க வைத்திருக்கும் ஆளும் தானாக ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியை 1914 ஜூனில் பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞர் பொருத்திப் பறந்து காட்டினார். மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்துபோக, ஸ்பெரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். விமானம் சாயவில்லை, கீழே சேன் நதிக்கரையில் இருந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். அன்றிலிருந்து அந்தக் கருவி காப்பாற்றிய களைப்பும் உயிர்களும் ஏராளம்.

1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் நியூயார்க்கிலிருந்து மயாமியை நெருங்கியது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. தரையிறங்குவதைத் தள்ளிப்போட்டு 2,000 அடிக்கு ஏறினார்கள். தானியங்கியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு விளக்கை நோண்ட ஆரம்பித்தார்கள். விளக்கின் மூடி கழன்று வந்தது, திரும்பப் பொருந்த மறுத்தது. சக்கரத்தை நேரில் பார்ப்பதற்காக விமானப் பொறியாளர் கீழறைக்குள் இறங்கினார். இதற்கிடையில் யாரோ ஓட்டுத்தண்டின் மேல் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் கணிப்பு. உயரத்தைப் பிடித்து வைத்திருந்த பிடி விட்டுப்போனது. விமானம் யாருக்கும் தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்கத் தொடங்கியது. உயரம் குறைகிறது என்று ஒரு மணி ஒலித்தது. ஒலித்தது பொறியாளரின் இருக்கைப் பக்கம், அவரோ கீழே இருந்தார். வெளியே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம், ஒரு விளக்கு வெளிச்சமும் இல்லாத இருட்டு. 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் முதலிலிருந்தே சரியாகத்தான் இறங்கியிருந்தது. கெட்டுப்போயிருந்தது பல்புதான்.

விமானத்தை இயந்திரத்திடம் கொடுத்ததைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். கொடுத்த பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை மிச்சம் வைக்கவில்லை. பழுதை ஒருவர் பார்க்கும்போது மற்றவர் விமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதை இன்று ஒவ்வொரு விமானிக்கும் ஓதுகிறார்கள்.

ஆள் வைத்தாலும் போதாது. பிரிட்டன் ரயில்களில் ஒரு கருவி உண்டு. வரும் சிக்னல் பச்சை என்றால் மணி ஒலிக்கும். மஞ்சளோ சிவப்போ என்றால் ஊதும். ஓட்டுநர் பொத்தானை அழுத்தி 'கேட்டேன்' என்று தெரிவிக்காவிட்டால் பிரேக் தானாக விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஊதல். நெரிசல் மிகுந்த புறநகர்ப் பாதையில் மஞ்சளுக்கு மேல் மஞ்சளாக வந்துகொண்டிருந்தால், ஊதியதும் விரல் போய் அழுத்திவிடுகிறது. 1989 மார்ச் 4 அன்று தெற்கு லண்டனின் பர்லியில் ஒரு ரயில் சிவப்பைத் தாண்டிப்போய் முன்னால் சென்ற ரயிலில் மோதியது. 5 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைக் கருவியில் பழுது இல்லை. ஓட்டுநர் சிறைக்குப் போனார். அதே சிக்னலை அவருக்கு முன்பே வேறு ஓட்டுநர்களும் சிவப்பில் கடந்திருந்த விவரம் பிறகு முன்வைக்கப்பட்டு, 2007இல் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்தானது.

நம் எஞ்சின்களிலும் லோகோ பைலட் சுமார் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு மினுக்கி, அப்புறம் ஒலியெழுப்பி, அதற்கும் அசையாவிட்டால் பிரேக் போடும் கருவி இருக்கிறது. அரைத்தூக்கத்திலும் விரல் அந்தப் பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தக் கற்றுக்கொள்ளும் என்பது ரயில் பாதுகாப்பை ஆராய்கிறவர்களுக்குத் தெரிந்த செய்தி. டெஸ்லா கார்க்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். தானாக ஓடும்போதும் ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்று பார்க்கும் காரை ஏமாற்ற, அதில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிவைத்தவர்கள் உண்டு.

நம்மிடமும் அந்த விரல் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி குறுஞ்செய்தியில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு மேலே இருக்கும் ஆறு இலக்கத்தை, தொலைபேசியில் அழைத்த யாரோ ஒருவனுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுகிறவர்கள் படிக்காதவர்களா? ஓய்வுபெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும்கூட அந்த வரிசையில் நிற்கிறார்கள். எச்சரிக்கை தினமும் வருகிறது. தினமும் வருவதாலேயே கண்ணில் விழுவதில்லை.

அரசு அலுவலகம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பு ஐந்து மேசைகளைத் தாண்டிப் போவது எதற்காக? ஒருவர் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படட்டும் என்றுதான். நடப்பதோ வேறு. இரண்டாமவர் முதலாமவரின் கையெழுத்தைப் பார்த்துப் போடுகிறார், மூன்றாமவர் இரண்டையும் பார்த்துப் போடுகிறார். ஐந்தாமவர் பக்கத்தைப் புரட்டுவதுகூட இல்லை. ஐந்து பேர் பார்த்த கோப்பு என்ற பெயர் மட்டும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. நாளைக்கு உங்கள் மேசைக்கு வரும் கோப்பில், ஏற்கெனவே இருக்கும் கையெழுத்துகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். சிலவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இவ்வளவு நாள் ஏன் அனுப்பவில்லை என்று மேலதிகாரி கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.