வீட்டுல பாட்டு கேக்க சிடி பிளேயர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், எங்கிட்ட நிறைய சிடி சேந்து கிடக்கு, ஆனா பழைய பிளேயர் டிஸ்கையே எடுக்க மாட்டேங்குது. ஆம்பும் ஸ்பீக்கரும் நல்லாவே இருக்கு. ரொம்ப மட்டமாவும் வேணாம், ரொம்ப காஸ்ட்லியாவும் வேணாம், நடுத்தர விலைல ஒன்னு எடுக்கலாம்னு பாத்தா ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, டிஸ்க்ல இருக்கற எண்களை மின் சிக்னலா மாத்தற டிஏசி சிப்தான் எல்லாம்ங்கறார் ஒருத்தர், எல்லா பிளேயரும் ஒன்னுதான்ங்கறார் இன்னொருத்தர். கடைல ரெண்டு பிளேயரை மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினாங்க, அதுல ஒன்னு சட்டுனு தெளிவா, துடிப்பா இருந்துச்சு. அதையே வாங்கிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. அந்த ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துல வச்சுக் காட்டினாங்களா? பெரும்பாலும் அப்படி வைக்க மாட்டாங்க. சிடி பிளேயர்ல இருந்து ஆம்புக்குப் போற அனலாக் அவுட்புட், அதாவது மின் சிக்னல், வழக்கமா 2 வோல்ட், ஆனா சில கம்பெனிங்க 2.2, 2.3ன்னு கொஞ்சம் தூக்கலா வச்சிருப்பாங்க. 2ல இருந்து 2.3ன்னா ஒரு டெசிபெல் சொச்சம் கூடும், அந்த அளவு ஏறினா "சத்தம் கூடிருச்சு"ன்னு நம்ம காதுக்குத் தோணாது, "இது நல்லா இருக்கே, பாடறவங்க குரல் முன்னாடி வருதே"ன்னுதான் தோணும். இது யாரோட காதுக்கும் நடக்கறதுதான், உங்க காது மேல தப்பில்ல. அதனால திரும்பப் போய் ஆம்போட வால்யூமை அட்ஜஸ்ட் பண்ணி ரெண்டும் சமமா கேக்கற மாதிரி வச்சு, எது ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாம இன்னொருத்தரை மாத்தச் சொல்லிக் கேளுங்க. அப்பவும் அதே பிளேயர் புடிச்சிருந்தா தாராளமா எடுங்க, ஆனா நடுத்தர விலைல இப்ப வர்ற நல்ல பிளேயர்களுக்குள்ள வித்தியாசம் அப்படிக் கேக்கறப்ப ரொம்பவே சுருங்கிடும்.

அதுக்குக் காரணம் இருக்கு. சிடில பாட்டை எப்படிப் பதியறதுங்கறது சோனியும் பிலிப்ஸும் சேந்து முடிவு பண்ணப்பவே நிலையா ஆயிடுச்சு, ஒலிய நொடிக்கு 44,100 தடவை அளந்து (இதத்தான் சாம்பிள்ங்கறாங்க) ஒவ்வொன்னையும் 16 பிட் எண்ணா எழுதறது, அவ்ளோதான். 1982ல முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தப்ப இந்த எண்களை மின் சிக்னலா மாத்தற சிப் பண்றதே பெரிய வேலையா இருந்துச்சு, பிலிப்ஸோட ஆரம்ப மாடல்ல 14 பிட் சிப்தான் வச்சு ஓவர்சாம்ப்ளிங்னு ஒரு வித்தையால ஈடு கட்டினாங்க. இன்னிக்கு அந்த வேலைய சாதாரண சிப்பே சுத்தமா செஞ்சிடுது. பெட்டி மேல 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்னு போட்டிருக்கறதப் பாத்து மயங்காதீங்க, டிஸ்க்ல இருக்கறது 16 பிட்தான், சிப் எவ்ளோ பெருசா இருந்தாலும் இல்லாத விவரத்தை எங்கிருந்தும் கொண்டு வர முடியாது.

அப்ப எதுக்குத்தான் காசு குடுக்கறது? என் கணக்குல மெக்கானிசத்துக்கு. ட்ரே, மோட்டார், டிஸ்க்கைப் படிக்கற லேசர் பிக்கப், இந்த மூனும்தான் தேயற சமாச்சாரம், சிப் தேயாது. உங்க பழைய பிளேயர் டிஸ்க்கை எடுக்காம போனதும் அனேகமா பிக்கப்தான். அதனால கடைல கேக்க வேண்டிய முதல் கேள்வி "எந்த சிப்"ங்கறது இல்ல, "அஞ்சாறு வருஷம் கழிச்சு பிக்கப் போனா மாத்தித் தருவீங்களா, பார்ட்ஸ் வருமா"ங்கறது. இதுக்கு நேரா பதில் வராத பிளேயரை எவ்ளோ அழகா இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். அடுத்து ட்ரேயத் தொறந்து மூடிப் பாருங்க, ஆடாம சத்தமில்லாம போகுதா, டிஸ்க் போட்டதும் எவ்ளோ நேரத்துல டிராக் எண்ணிக்கை காட்டுது, முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவினா உடனே புடிக்குதா, பாட்டு மெல்லிசா போற இடத்துல டிஸ்க் சுத்தற சத்தம் வெளிய கேக்குதா, இதெல்லாம் தினமும் உங்களை சந்தோஷப்படுத்தற இல்ல எரிச்சல்படுத்தற விஷயம்.

இன்னொன்னு, வீட்டுக்குப் போய் உங்க ஆம்போட பின்பக்கத்தைப் பாருங்க. அதுல ஆப்டிகல் இல்ல கோஆக்சியல்னு டிஜிட்டல் இன்புட் இருந்தா ஆம்புக்குள்ளயே ஒரு டிஏசி இருக்குன்னு அர்த்தம், அப்ப நீங்க முழு பிளேயருக்கு பதிலா டிரான்ஸ்போர்ட்னு சொல்ற வகையே எடுக்கலாம், அது டிஸ்க்கைப் படிச்சு டிஜிட்டலா வெளிய அனுப்பறதோட சரி. கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி எல்லாம் அந்த வகை. ஆனா ஆம்புல டிஜிட்டல் இன்புட் இல்லாம இத வாங்கிட்டு வந்தா சத்தமே வராது, ஜாக்கிரதை. டிஜிட்டல் இன்புட் இல்லன்னா மராண்ட்ஸ் சிடி6007 மாதிரி முழு பிளேயர்தான் சரி, அதுல முன்னாடி யூஎஸ்பியும் ஹெட்ஃபோன் ஜாக்கும் கூட இருக்கு, ராத்திரில தனியா கேக்கறவங்களுக்கு அந்த ஜாக் ரொம்ப உதவும்.

ஆப்டிகலா கோஆக்சியலான்னு மண்டைய ஒடைச்சுக்காதீங்க, ரெண்டுலயும் போறது அதே டேட்டாதான். ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வந்தா மட்டும் ஆப்டிகலுக்கு மாறிப் பாருங்க, அதுல கரண்ட் பாதை கிடையாது, வெளிச்சம் மட்டும் போறதால அந்த வழியா இரைச்சல் வராது. அனலாக்ல மாட்டறதா இருந்தா சிடின்னோ ஆக்ஸ்னோ எழுதின இடத்துல மாட்டுங்க, ஃபோனோன்னு போட்டிருக்கற இடத்துல மாட்டவே கூடாது, அது ரெக்கார்ட் பிளேயருக்கானது, சிக்னலைப் பல மடங்கு பெருக்கி கர்ணகொடூரமா கத்தும்.

இவ்ளோவும் பாத்து வாங்கின பிறகு கைல காசு மிச்சம் இருந்தா அத இன்னும் ஒசந்த பிளேயர்ல போடாதீங்க, ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்க, சொவத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. காதுக்கு நிஜமா தெரியற மாற்றம் அங்கதான் வரும்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட்ல ஒரு நல்ல கம்பெனி பிளேயர் வருது, பாக்க புதுசாட்டம் இருக்கு. நம்பி எடுக்கலாமா, எதைச் செக் பண்றது?

பதில்: எடுக்கலாம், ஆனா ரெண்டு டிஸ்க் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒன்னு, 70 நிமிஷத்துக்கு மேல முழுசா நெறஞ்ச ஒரிஜினல் சிடி. இன்னொன்னு வீட்டுல ரைட் பண்ணின சிடி-ஆர். சிடி உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா படிக்கப்படுது, ஆரம்பத்துல நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, ஓரத்துக்கு வரும்போது சுமார் 200. அதனால முதல் பாட்டு நல்லா ஓடுறத மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, கடைசிப் பாட்டை முழுசா ஓட விடுங்க, டிஸ்க்கோட ஆட்டம் ஓரத்துலதான் அதிகம், பிக்கப் தளர்ந்திருந்தா தாவறது அங்கதான் தெரியும். சிடி-ஆர் எதுக்குன்னா, சோர்ந்து போன லேசர் ஒரிஜினலை எப்படியோ படிச்சிட்டு சிடி-ஆர்ல திணறும். (ரீரைட் பண்ற டிஸ்க்ல வெளிச்சம் திரும்பறது இன்னும் ரொம்பக் கம்மி, பழைய பிளேயர்கள் அதப் படிக்காட்டி குறையா எடுத்துக்காதீங்க.) பிளேயரை ஒரு மணி நேரமாவது ஓட விட்டுக் கேளுங்க, சூடானதும் தடுமாறற பிளேயர்கள் உண்டு. ட்ரே சிக்கிச்சுன்னா மட்டும் பயந்துடாதீங்க, பெரும்பாலும் உள்ள இருக்கற ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அது சின்ன செலவு. அத சாக்கா வச்சு விலையும் கொறைக்கலாம்.

கேள்வி: பழைய டிவிடி பிளேயர் சும்மாதான் கிடக்கு. அதுலயே சிடி கேட்டா என்ன குறை?

பதில்: பெருசா குறை இல்ல, முதல்ல அதையே மாட்டிக் கேளுங்க, டிஜிட்டல் அவுட்புட் இருந்தா இன்னும் நல்லது. தொந்தரவு வேற எடத்துல வரும். டிஸ்க் போட்டா லோட் ஆக நேரம் ஆகும், சிலதுல முன்னாடி டிஸ்ப்ளேயே இருக்காது, எந்தப் பாட்டுன்னு பாக்கக்கூட டிவியப் போடணும். லைவ் கச்சேரி டிஸ்க்குகள்ல ஒரு பாட்டுல இருந்து அடுத்ததுக்கு கைதட்டல் தொடர்ச்சியா வரும் இல்லையா, அந்த எடத்துல சில டிவிடி பிளேயர் ஒரு நொடி மூச்சு நிக்கற மாதிரி நின்னு போகும், அது எனக்கு சுத்தமா ஆகாது. உங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லன்னா புதுசு வாங்கவே வேணாம்.

கேள்வி: கீறல் விழுந்த சிடியையும் படிக்கற பிளேயர்னு தனியா இருக்கா?

பதில்: எல்லா பிளேயரும் ஓரளவு படிக்கும். டேட்டாவ நேரா வரிசையா எழுதாம கலைச்சுப் பரப்பி, கூடவே திருத்தறதுக்கான எண்களையும் சேத்துத்தான் சிடில எழுதறாங்க, அதனால டிராக் நீளத்துக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிஞ்சு போனாக்கூட கணக்குப் போட்டு முழுசா மீட்டுடும். நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா போற கீறல் அதனாலதான் அவ்ளோ பாதிக்காது, வட்டமா டிராக் கூடவே ஓடற கீறல்தான் ஆபத்து. தொடைக்கறப்ப வட்டமா தேய்க்காம நடுவுல இருந்து வெளிப்பக்கமா மெத்துன்னு துணியால இழுங்கன்னு சொல்றது இதுக்குத்தான். லேபிள் பக்கத்தை இன்னும் பத்திரமா வச்சுக்குங்க, அலுமினியப் படலம் அந்தப் பக்கம்தான் இருக்கு, அதுக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷும் அச்சும் மட்டும்தான். கீழ்ப்பக்கக் கீறலை பாலிஷ் போட்டு சரி பண்ணிடலாம், லேபிள் பக்கம் படலமே பேந்துடுச்சுன்னா எந்த பிளேயராலயும் படிக்க முடியாது.