அல்பாக்காவும் திருகோணமலை இரவும்

அன்புள்ள ஐயா,

ஆடு வளர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடங்கள் சுவிற்சர்லாந்தில் இருந்துவிட்டுச் சென்ற வருடம் ஊர் திரும்பினேன். குச்சவெளிக்கு அப்பால் இரண்டரை ஏக்கர் வளவு வாங்கியிருக்கிறோம். அங்கே மின்சாரம் வரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. சோலார் தகடுகள், பற்றரி, ஒரு நல்ல கிணறு, இவற்றோடு வாழலாம் என்பது எங்கள் எண்ணம்.

சுவிசில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பண்ணையில் எட்டு அல்பாக்காக்கள் நின்றன. ஒட்டகக் குடும்பத்துப் பிராணிகள்; மயிருக்காக வளர்க்கிறார்கள். சத்தமே இல்லை. எல்லாம் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். முக்கியமாக, கொல்லாமலே அவற்றிலிருந்து பயன் பெறலாம். இறைச்சிக்குப் போகும் எந்த உயிரையும் வளர்ப்பதில்லை என்று நானும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறோம். மனைவிக்கு நெசவு தெரியும். நான்கு அல்பாக்காக்களை இங்கே கொண்டுவந்து வளர்க்க முடியுமா? கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

குச்சவெளி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை; கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கொல்லாமல் வளர்க்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். அதனால்தான் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அல்பாக்காவைத் திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டாம். இறைச்சிக் கடைக்கு அனுப்பாமலே அவற்றைக் கொன்றுவிடுவோம் என்பது என் பயம்.

நீங்கள் அந்தப் பிராணியைச் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். காலில் குளம்பு இல்லை, மெத்தென்ற பாதம்தான்; ஆகையால் மாடு மிதித்த நிலம்போல அது மிதித்த நிலம் கெடுவதில்லை. புல்லை வேரோடு பிடுங்காமல் நறுக்கித் தின்னும். செம்மறி ஆட்டு மயிரைப்போல எண்ணெய்ப் பிசுக்கு அதன் மயிரில் இல்லை. வெறும் தண்ணீரும் சவர்க்காரமும் போதும், வீட்டிலேயே கழுவி நூற்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை கத்தரித்தால் ஒன்றிலிருந்து இரண்டு முதல் நான்கு கிலோ வரை கிடைக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த மயிர் எதற்காக உண்டானது என்பதை யோசிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் மகள் வீட்டில் நின்றபோது, அவர்கள் ஊருக்கு வெளியே உள்ள ஒரு பண்ணைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். ஐப்பசி மாதம்; என் கை விறைத்திருந்தது. பண்ணைக்காரப் பெண் ஒரு அல்பாக்காவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகு மயிரை இரண்டு பக்கமும் விலக்கி, விரலை உள்ளே வைத்துப் பார்க்கச் சொன்னார். மேல் மயிர் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. விரல் இரண்டாவது கணு வரை இறங்கியதும், அடுப்படியில் மூடி வைத்த சோற்றுப் பானைக்குள் கை விட்டதுபோல ஒரு சூடு. வெளியிலே குளிர், உள்ளே நெருப்பு. நடுவில் நாலு விரற்கடை மயிர். அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அந்த மயிரின் வேலை. குச்சவெளியில் அந்த வேலை எப்படி முடியும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபிறகு யோசித்தேன்.

பெரு, பொலிவியா நாடுகளின் அந்தீஸ் மலைமேட்டில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 3,500 முதல் 5,000 மீற்றர் வரையான உயரத்தில், விக்குன்யா என்னும் காட்டுப் பிராணியிலிருந்து ஆறாயிரம் வருடங்களுக்கு மேலாக மனிதர் பழக்கி எடுத்த பிராணி அல்பாக்கா. அங்கே பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும்; ஆனால் பொழுது பட்டதும் குளிர் இறங்கிவிடும், பல மாதங்களில் இரவில் தண்ணீர் உறையும். பகலில் உடம்பில் ஏறிய சூட்டை இரவில் இறக்கி வைத்துவிட்டு, விடியும்போது புதிதாக எழும்பும் உடம்பு அது. நமது ஊரில் எல்லோரும் பகல் வெயிலைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இரவை.

அல்பாக்கா வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பரனைற் பாகையில் வெப்பத்தையும், ஈரப்பதனின் நூற்றுவீதத்தையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 150ஐத் தாண்டினால் பிராணியைக் கவனிக்க வேண்டும். 180ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தம்பலகாமத்தில் என் ஆட்டுக் கொட்டிலில் வெப்பமும் ஈரமும் காட்டும் ஒரு சிறிய கருவி தொங்குகிறது. சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், சோழகம் அடித்துக்கொண்டிருந்த பின்னேரம் மூன்று மணிக்கு 35 பாகை செல்சியஸ், அதாவது 95 பரனைற், ஈரப்பதன் 60. கூட்டினால் 155. அன்றிரவு காற்று விழுந்துவிட்டது. மூன்று மணிக்கு எழும்பிப் பார்த்தபோது 27 பாகை செல்சியஸ், அதாவது 81 பரனைற், ஈரப்பதன் 78. கூட்டினால் 159. பகலைவிட இரவு கூடுதலாக நிற்கிறது, தம்பி. சூட்டை இறக்கி வைக்க அந்தப் பிராணிக்கு ஒரு நாழிகைகூட இல்லை. மாரியில் பகல் குளிர்ந்தாலும் ஈரப்பதன் தொண்ணூறை நெருங்கும். கூட்டுத்தொகை 170ஐத் தொடும்.

வெப்பமான நாடுகளிலும் அல்பாக்கா வளர்க்கிறார்களே என்று கேட்பீர்கள். வளர்க்கிறார்கள். கோடைக்கு முன் மயிரைக் கத்தரித்து, நிழல் கொடுத்து, மின்விசிறி பூட்டி, மயிர் குறைந்த வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் அடித்து வளர்க்கிறார்கள். முதுகில் ஊற்றக் கூடாது; நனைந்த மயிர் சூட்டை உள்ளே அடைத்துவிடும். அந்த இடங்களில் பெரும்பாலும் இரவு குளிர்கிறது, கம்பியில் மின்சாரமும் வருகிறது. உங்கள் வளவில் இரண்டும் இல்லை.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உச்சி வெயிலில் விசிறி சுற்றுவது சோலாருக்கு ஒரு பொருட்டே அல்ல; வெயில் கூடினால் மின்சாரமும் கூடும். இரவில் 60 வாற் விசிறிகள் இரண்டை, கொட்டிலுக்குள் பத்து மணித்தியாலம் ஓடவிட்டால் 1,200 வாற் மணி செலவாகும். 12 வோல்ற், 200 அம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பற்றரி ஒன்றில், அதற்குச் சேதம் வராமல் எடுக்கக்கூடிய பாதியளவு அவ்வளவுதான். அதாவது ஒரு முழுப் பற்றரி விசிறிக்கே போய்விடும். வீட்டு விளக்கும் தண்ணீர்ப் பம்பும் வேறு. வெக்கை பற்றரியின் ஆயுளைக் குறைக்கும் என்பது எனக்குச் செலவோடு வந்த பாடம். ஐந்து வருடம் உழைக்கும் என்று சொல்லி விற்ற இரண்டு பற்றரிகள் என்னிடம் இரண்டாவது மாரியில் படுத்துவிட்டன. கார்த்திகையில் தொடர்ந்து ஐந்து நாள் சூரியனைக் காணவில்லை, பம்ப் ஓடவில்லை. ஆடுகளுக்கு வாளியால் அள்ளி வைத்தேன், அவை குடித்துவிட்டுக் குழை தின்றன. விசிறி நின்றால் மூச்சு வாங்கும் பிராணி அன்று கொட்டிலில் நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

குடற்புழு, நரி, நாய், உங்கள் பக்கத்து யானை, இவற்றைப் பற்றி நீட்டி எழுதவில்லை. ஆடு வளர்த்தாலும் இவை உண்டு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நமது கால்நடை வைத்தியர்கள் ஆடு மாட்டில் கைதேர்ந்தவர்கள். அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்தின் அளவும் அதற்கு வேறு. நடு இரவில் அது விழுந்து கிடந்தால் நீங்கள் யாரை அழைப்பீர்கள்? மேலும், உயிருள்ள விலங்கை நாட்டுக்குள் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். அது தாண்ட முடியாத மதில் என்று நான் சொல்லவில்லை. அனுமதி கிடைத்தாலும் கொண்டுவர வேண்டாம் என்பதே என் சொல்.

பழைய கதை ஒன்று உண்டு. சாள்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், பெருவின் தடையையும் மீறி, அல்பாக்காக்களையும் அவற்றின் உறவு விலங்குகளையும் மலைவழியே வருடக்கணக்காக ஓட்டிச் சென்று, 1858இல் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றைச் சிட்னியில் இறக்கினார். அந்தப் பட்டி அங்கே நிலைக்கவில்லை, முயற்சி தோற்றது. ஆஸ்திரேலியாவில் இன்று நிற்பவை நூறு வருடங்களுக்கு மேல் கழித்துப் புதிதாகக் கொண்டுவரப்பட்டவற்றின் வழி. இதே லெட்ஜர் பின்னர், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தின் விதைகளை அனுப்பினார். அவை ஒல்லாந்தர் கைக்குப் போய் யாவாவில் முளைத்துப் பெயர் பெற்றன. சிங்கோனாவும் அந்தீஸ் மலைப் பிள்ளைதான். இலங்கைக்கு அந்த மரம் வந்தபோது, 1861இல் அதற்கெனத் தோட்டம் அமைத்தது ஹக்கலையில், நுவரெலியாவுக்குப் பக்கத்துக் குளிரில். லாபத்தையே கண்ணாகப் பார்த்த வெள்ளைக்காரனும் அதைத் திருகோணமலைத் துறைமுகத்தடியில் நடவில்லை. மலையில் பிறந்ததற்கு மலையைத் தேடிக் கொடுத்தான். நீங்கள் நுவரெலியாவில் காணி வாங்கியிருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் வளவில் என்ன நிற்கலாம் என்பதைச் சொல்கிறேன். பால் ஆடு வளருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால் வேண்டுமானால் குட்டி ஈன வேண்டும். ஈனும் குட்டிகளில் பாதி கடாய். கடாய்க் குட்டிகள் கடைசியில் எங்கே போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நானும் விற்றிருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். உங்கள் முடிவுக்குப் பொருந்துவது நலமடித்த கடாய்கள் இரண்டு. தனியாக ஒன்றை வளர்க்க வேண்டாம். துணையில்லாமல் கத்திக்கொண்டே நிற்கும். பாலும் இல்லை, மயிரும் இல்லை, ஆனால் எரு உண்டு. கடற்கரைப் பக்கத்து மணல் நிலத்துக்கு ஆட்டெருவைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இரண்டு ஆட்டின் எருவில் கத்தரியும் பயிற்றையும் முருங்கையும் என் வளவில் எப்படி நிற்கின்றன என்பதை வந்து பாருங்கள். ஒரே இடத்தில் புழுக்கை போடும் குணம் ஆட்டுக்கு இல்லை. அதற்குத்தான் பரண். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில், சட்டங்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விட்டுத் தளம் அடித்தால், புழுக்கை தானாகக் கீழே விழும். காலையில் கூட்டி அள்ளலாம். கிடுகுக் கூரையும், சோழகம் உள்ளே நுழைந்து வெளியேறும்படி இரண்டு பக்கத் திறப்பும் போதும். விசிறி வேண்டாம். வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் நட்டுவிட்டால் குழைக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் மனைவியின் நெசவுக்குப் பருத்தியைச் சொல்வேன். வரண்ட வலயத்து வெயில் பருத்திக்கு உகந்தது. வேலியோரம் இருபது செடி வைத்தால் கையால் நூற்றுப் பழகப் பஞ்சு கிடைக்கும். மருதமுனைக்கு ஒரு தடவை போய் அங்கே கைத்தறியில் நெய்பவர்களைப் பார்த்து வாருங்கள். நூலைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு நூறு மடங்கு தெரியும்.

என் வெள்ளாடு ஒன்று இந்த மாரியில் ஈனப்போகிறது. கடாய்க் குட்டிகள் இருந்தால் அவற்றை விற்காமல் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன். பால் மறக்க மூன்று மாதம் வேண்டும், நலமடிக்கக் கால்நடை வைத்தியரை நானே கூட்டி வருவேன். மாசி கழிந்தபின் தம்பலகாமத்துக்கு வாருங்கள். அதற்குள் பரணுக்கு மரம் அறுத்து வையுங்கள். தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்.