கனடா பிரஸ்பிட்டேரியன் சபையில் புதிதாக வருபவர்களுக்கு என்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்து ஜனவரியில் டொராண்டோ பக்கம் குடியேறுகிறோம். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நடக்கும் தூரத்தில் இருப்பது ஒரு பிரஸ்பிட்டேரியன் சர்ச் மட்டுமே. அங்கே போகலாமா? உதவி கேட்டால் தப்பாக நினைப்பார்களா? என் தம்பியை சர்ச் மூலமாக ஸ்பான்சர் செய்ய வழி உண்டா?

பதில்: தாராளமாகப் போங்கள். 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் சேர்ந்தவற்றில் பிரஸ்பிட்டேரியன் மிஷன் வழி வந்த சபைகளும் உண்டு, அதனால் ஒரு வகையில் உறவுமுறைதான். குழந்தை ஞானஸ்நானம் அங்கேயும் உண்டு. பேராயர், திருமண்டலம் எல்லாம் கிடையாது. போதகரும் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் சேர்ந்த ‘செஷன்’தான் சபையை நடத்தும். திருவிருந்துக்குப் பெரும்பாலும் யாரும் எழுந்து முன்னே போக மாட்டார்கள். ரொட்டித் துண்டும் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சைச் சாறும் தட்டில் வரிசை வரிசையாகக் கைமாறி உங்களிடமே வரும்.

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்து ஹாலில் காபி இருக்கும். உண்மையான உதவி கிடைக்கும் இடம் அந்த அரை மணி நேரம்தான். நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம். “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தவிப்போம். கனடாக்காரர்களும் வலியவந்து துருவிக் கேட்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். எனவே நீங்களே குறிப்பாகக் கேளுங்கள். “உதவி வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. “பையனுக்குப் பனிக்காலச் சப்பாத்து எங்கே மலிவாகக் கிடைக்கும்?”, “புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் குடும்ப டாக்டர் யாராவது தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கூடிவிடுவார்கள். பல சபைகளில் பழைய குளிர் கோட்டுகளைச் சேகரித்து வைத்திருப்பார்கள். சில இடங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பும், இலவசமாக உணவுப் பொருள் தரும் உணவு வங்கியும் உண்டு. எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்; முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய சின்னச் சபைகளும் நிறைய.

உதவிக்காக உறுப்பினராகச் சேர வேண்டிய கட்டாயமில்லை. பிறகு சேர விரும்பினால், உங்கள் ஆயரிடம் இப்போதே சபை மாற்றுக் கடிதமும் ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காணிக்கைக்கு உங்கள் பேரில் எண் போட்ட உறைகள் கேட்டு வாங்கிக்கொண்டால், வருமான வரிக்கு ரசீது கிடைக்கும்.

ஊரில் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவராக இருந்தாலும் அங்கே போனவுடன் பிள்ளைகளிடம் விட மாட்டார்கள். போலீஸ் சரிபார்ப்பு முதலில் முடிய வேண்டும். யாரும் உங்களைச் சந்தேகிக்கவில்லை, எல்லோருக்கும் அதே விதிதான். அதுவரை சமையலறையிலோ உணவு வங்கியிலோ கை கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “கனடாவில் உங்களைத் தெரிந்தவர் யார்?” என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல அப்போது உங்களிடம் ஒரு பெயர் இருக்கும்.

சபையால் செய்ய முடியாத வேலையும் உண்டு. விசா விஷயத்தில் மூப்பர் சொல்லும் யோசனையை வைத்து விண்ணப்பம் போடாதீர்கள். அதற்கு வழக்கறிஞரோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரோ வேண்டும். பி.ஆர். உள்ளவர்களுக்கு அரசு நிதியில் நடக்கும் குடியேற்ற உதவி மையங்கள் இலவசம். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 211 என்ற எண்ணை அழைத்தால் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள்.

தம்பி விஷயம்: அவர் அகதியாக இல்லாதவரை வழியில்லை. கனடா பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அகதிகளை ஸ்பான்சர் செய்ய அரசுடன் ஒப்பந்தம் உண்டு. அப்படி வருபவர்களுக்கு வழக்கமாக முதல் 12 மாதம் வாடகை, சாப்பாடு, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் சபையார்தான் பொறுப்பு. வேலைக்காக வர நினைப்பவருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. “சர்ச் ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் பணத்தைக் கண்ணில் காட்டாதீர்கள்.