சவாய் கோஸ் ஏன் இறுகவில்லை?

கேள்வி: ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி சவாய் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். நாற்று நட்டு மூன்று மாதம் தாண்டியும் அமுக்கினால் மெத்தென்றுதான் இருக்கிறது. உரம் பத்தவில்லையா? பனி வேறு விழ ஆரம்பித்துவிட்டது. அறுத்துவிடலாமா?

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள், சவாய் அப்படித்தான். இலை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிப் படியாது, நடுவில் இடைவெளி நின்றுவிடும். மார்க்கெட் கோஸ் போல இறுகட்டும் என்று யூரியாவை அள்ளிக் கொட்டினால் வெளி இலைதான் பெருக்கும், கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வரும். உச்சியில் கை வைத்து அழுத்தும்போது உள்ளே ஒரு உருண்டை தட்டுப்பட்டால் அறுக்கலாம்.

ஆனால் பனிக்காக அவசரப்பட வேண்டாம். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் சவாய் பகுதியின் பெயர்தான் இதற்கு, குளிர் பழக்கப்பட்ட செடி. உறைபனியில் தேயிலை கருகும், உருளைக்கிழங்குச் செடி கருகும், இது நிற்கும். குளிர் ஏற ஏற இலையில் சர்க்கரை சேர்ந்து ருசியும் கூடும். காலையில் இலை விறைத்திருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள், வெயில் ஏறி இளகட்டும். வேரோடு பிடுங்காமல் அறுத்துவிட்டு, மிஞ்சிய தண்டின் தலையில் கத்தியால் கூட்டல் குறி போலக் கீறி விடுங்கள். பக்கத்தில் குட்டிக் கோஸ் கிளம்பும்.

கேள்வி: இலைச் சுருக்கத்துக்குள் பச்சைப் புழு. மருந்து அடித்தும் போகவில்லை. (கோத்தகிரி)

பதில்: தொட்டால் துள்ளி, நூல் விட்டுக் கீழே தொங்குகிறதா? அப்படியானால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல் தோலை மட்டும் விட்டுவைக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்ன ஜன்னல் போலத் தெரியும். நீங்கள் மேலாகத் தெளித்திருப்பீர்கள், புழு இருப்பது அடியில். போதாததற்குக் கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு, தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறப்போட்டு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து, மாலையில் இலையைத் திருப்பித் திருப்பி அடியுங்கள் (பகல் வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும்). அடுத்த போகத்தில் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்துவிட்டால் அந்துப்பூச்சி முதலில் அங்கே போய் முட்டையிடும், மருந்தையும் அங்கேயே அடிக்கலாம். சமைக்கும் முன் இலை இலையாகப் பிரித்து உப்புத் தண்ணீரில் போடுங்கள், முழுசாகக் கழுவினால் சுருக்கத்துக்குள் இருப்பது போகாது.

கேள்வி: மதியம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. பிடுங்கினால் வேரெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. (குன்னூர்)

பதில்: வேர்வீக்க நோய். மருந்தால் மீளாது, பிடுங்கி எரித்துவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள், நோயின் வித்து மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். புளிப்பு மண்ணில்தான் இது அதிகம், மலை மண் பெரும்பாலும் புளிப்பு, எனவே சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டுக் கார அமில நிலையை (pH) 7-க்கு மேல் கொண்டுவாருங்கள். அந்தப் பாத்தியில் காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். மேலே கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன கடுகும் அதே குடும்பம்தான், அதனால் உங்களுக்கு அந்த யோசனை ஆகாது. கேரட், பீன்ஸ், பூண்டு போடுங்கள்.

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டத்தில் சவாய் வருமா?

பதில்: செடி வரும், கோஸ் வராது. 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் இது ஒழுங்காகத் திரளும். உங்கள் ஊரில் மார்கழிப் பகலே அதைத் தாண்டிவிடும். வெப்பம் தாங்கும் சாதாரண வீரிய ரகக் கோஸ் விதையை அக்டோபரில் நாற்று விடுங்கள், அது கைகொடுக்கும்.